வெயில் குடித்த பாட்டில்: சிவப்பு ஒயின் ஏன் முதிர்கிறது, கும்மிடிப்பூண்டியில் ஏன் கெடுகிறது?

ஒரு பாட்டிலை ஏழு வருஷம் பத்திரமா வச்சிருந்து, கடைசியில் அதை நானே கெடுத்த கதையிலிருந்து இந்தக் குறிப்பு ஆரம்பிக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்த்த இடத்தில் மூத்த அதிகாரி ஒருத்தர் இருந்தார். ஹைதராபாத்காரர். மாற்றலாகிப் போகும்போது எனக்கு ஒரு பாட்டில் கர்நாடகச் சிவப்பு ஒயின் பரிசாகக் கொடுத்தார். "சார், இதை இப்போ திறக்காதீங்க. இது தாங்குற ஒயின். நான் ரிட்டையர் ஆனதும் உங்க வீட்டுக்கு வர்றேன், அப்போ சேர்ந்து திறப்போம்" என்றார். நான் குடிப்பழக்கம் இல்லாதவன். ஆனாலும் சொன்ன சொல்லுக்காக, துணி சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, படுக்கையறை லாஃப்டில் ஏற்றிவிட்டேன். வெளிச்சம் படாது, யாரும் தொடமாட்டார்கள், வேறென்ன வேண்டும் என்று நினைப்பு.

ஏழு வருஷம் கழித்து சொன்னபடியே வந்தார். திறந்தோம். கார்க் ஏற்கனவே கொஞ்சம் மேலே வந்திருந்தது, அதன் ஓரத்தில் காய்ந்த கறை. என் மனைவி மோந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது, காஞ்ச திராட்சையைப் போட்டுக் கொதிக்க வச்ச மாதிரி இருக்கு" என்றாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே, "இதை வெயில் குடிச்சிடுச்சு சார்" என்றார்.

அந்த ஒயினின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. தப்பு அதைச் செய்தவர்களுடையது இல்லை, என் லாஃப்டுடையது. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி விடவில்லை. முதிர்கிற ஒயின் என்றால் என்ன? எல்லா ஒயினும் வைக்க வைக்க நல்லா ஆகாதா? நம்ம ஊரில் அது ஏன் நடக்கவில்லை? கிடைத்ததை எல்லாம் படித்து, புரிந்த வரைக்கும் இங்கே எழுதி வைக்கிறேன்.

துவர்ப்பில் ஆரம்பிக்கிறது

முதலில் ஒரு தப்பான நம்பிக்கையைத் தள்ளிவிடுவோம். உலகத்தில் செய்யப்படும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருஷத்துக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. அதை வைத்திருந்தால் வாசனை போய், சப்பென்று ஆகிவிடும். வைக்க வைக்க மேம்படுவது ஒரு சிறு பகுதி மட்டும்தான். நம்ம வீட்டுக் கணக்கில் சொன்னால், எல்லாக் காயையும் ஊறுகாய் போட முடியாது இல்லையா? வெள்ளரிக்காய் பச்சடியை நாளைக்கு வைக்க முடியாது, மாவடு வருஷம் தாங்கும். சரக்கிலேயே அந்தச் சத்து இருக்க வேண்டும்.

சிவப்பு ஒயினில் அந்தச் சத்து மூன்று: துவர்ப்பு, புளிப்பு, நிறம்.

துவர்ப்பு என்பதற்கு நமக்கு விளக்கம் தேவையில்லை. நாவற்பழம் தின்றதும் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, பால் விடாத கெட்டி டிகாஷன் டீ குடித்தால் வாய் வறண்டு போகுமே, அதேதான். அதற்குக் காரணமான பொருளுக்கு டானின் என்று பெயர். எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறண்டது போலத் தெரிகிறது. திராட்சையில் டானின் இருப்பது தோலிலும் விதையிலும். சாற்றில் கிட்டத்தட்ட இல்லை. நிறமும் அப்படித்தான். கருந்திராட்சையைப் பிழிந்தால் பெரும்பாலும் வெளிர் நிறச் சாறுதான் வரும். தோலோடு சேர்த்து நாள்கணக்கில் நொதிக்க விடுவதால்தான் சிவப்பு ஒயின் சிவப்பாகிறது. ஆந்தோசயனின் என்ற அந்த நிறப்பொருளும் டானினும் ஒன்றாகவே இறங்குகின்றன.

இளம் ஒயினில் இவை இரண்டும் தனித்தனியாகத் திரியும். அதனால்தான் நிறம் ஊதா கலந்த சிவப்பாக இருக்கும், வாய் கடுகடுவென்று இழுக்கும். வருஷங்கள் போகப் போக நிறப்பொருளும் டானினும் கைகோத்துப் பெரிய மூலக்கூறுகளாகின்றன. நிறம் செங்கல் சிவப்புப் பக்கம் நகர்கிறது. துவர்ப்பு மெத்தென்று மாறுகிறது. ரொம்பப் பெரிதாகிவிட்ட மூலக்கூறுகள் கீழே வண்டலாகப் படிகின்றன. பழைய பாட்டிலின் அடியில் இருக்கும் அந்தக் கசடு கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, வேலை நடந்ததற்கு அடையாளம். புதுப்பழ வாசனை குறைந்து, தோல், புகையிலை, காய்ந்த இலை, ஈர மண் என்று வேறு வாசனைகள் மேலே வரும்.

புளிப்பு காவல்காரன். புளிப்பு அதிகமான ஒயினில் கிருமிகள் லேசில் வளராது. பாதுகாப்புக்காகச் சேர்க்கும் கந்தக டைஆக்சைடும் புளிப்பான சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். புளி போதாத ஊறுகாய் பூஞ்சை பிடிப்பது போலத்தான் இங்கேயும்.

எந்தத் திராட்சை?

இதற்குப் பேர் போன ரகம் கேபர்னே சாவிக்னான். பிரான்ஸின் போர்தோ பகுதியைச் சேர்ந்தது. கேபர்னே ஃப்ராங்க் என்ற கருந்திராட்சையும் சாவிக்னான் பிளாங்க் என்ற பச்சைத் திராட்சையும் எப்போதோ தோட்டத்தில் தானாகக் கலந்து பிறந்த பிள்ளை இது என்று 1990களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மரபணு ஆய்வு செய்து காட்டினார்கள்.

இந்தப் பழம் சிறியது, தோல் தடித்தது, விதை பெரிது. சிறிய பழம் என்பது ஏன் முக்கியம்? ஒரு கிலோ சாம்பார் வெங்காயத்தையும் ஒரு கிலோ பெரிய வெங்காயத்தையும் உரித்துப் பாருங்கள். எதில் தோல் அதிகமாகச் சேருகிறது? சின்னப் பழத்தில் சாற்றுக்குத் தோல் விகிதம் அதிகம். அதனால் டானினும் நிறமும் அதிகம்.

இப்போது நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு வருவோம். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தின்பதற்கு இதைப் போல வருமா! அந்தப் பன்னீர் வாசனை லினலூல், ஜெரானியால் போன்ற பொருள்களால் வருவது. ரோஜாவிலும் இருப்பவைதான்.

ஆனால் முதிரும் ஒயினுக்கு இது சரிப்படாது. தோலில் டானின் குறைவு. வாசனை தரும் அந்தப் பொருள்கள் நாளாக ஆக உருமாறி மங்கிவிடும். மல்லிகையைப் பெட்டியில் பூட்டி வைத்தால் மணக்குமா? இது பன்னீர் திராட்சைக்குக் குறை இல்லை. இதில் செய்யும் ஒயினை அந்த வருஷமே குடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று, கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். விவசாயிக்கு அது பெரிய வரம். ஆனால் முதிரும் ஒயினுக்கான கொடியை அப்படிக் கறக்க முடியாது. கொடிக்குக் குறைந்த குலை, குலைக்கு நிறைய நாள் என்பது அதன் கணக்கு.

ஹம்பி குன்றுகள்

அப்படியானால் பக்கத்தில் யார் செய்கிறார்கள்? இந்தியாவில் ஒயின் என்றால் முதலில் நாசிக். பிறகு பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கம். அங்கே க்ரோவர் குடும்பம் 1980களின் கடைசியில் பிரெஞ்சு ரகங்களை நட்டது. பின்னால் போர்தோவின் மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்தார். கேபர்னே சாவிக்னானும் ஷிராஸும் கலந்து பீப்பாயில் வைத்த அவர்களுடைய 'லா ரிசர்வ்', இந்தியச் சிவப்பு ஒயினும் சில வருஷம் தாங்கும் என்று பலரை யோசிக்க வைத்தது.

சிறிய ஒயினரி என்று பார்த்தால் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது கிரஸ்மா. வடகர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில், ஹம்பி குன்றுகள் என்று அழைக்கப்படும் பகுதியில் இருக்கிறது. கிருஷ்ண பிரசாத் சிகுருபாடி, உமா சிகுருபாடி என்ற ஹைதராபாத் தம்பதி ஆரம்பித்தது. பெயரும் கிருஷ்ணா, உமா என்ற இரண்டையும் சேர்த்து உண்டாக்கியதுதான். மருந்துத் தயாரிப்புத் தொழிலில் இருப்பவர்கள், இருவரும் மாரத்தான் ஓடுகிறவர்கள். வெளியே திராட்சை வாங்காமல், சொந்தத் தோட்டத்துப் பழத்தில் மட்டும் செய்வது அவர்கள் வழி. அங்கே பேர் பெற்ற சரக்கு கேபர்னே சாவிக்னான்.

ஹம்பி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கருங்கல் பாறைகளும் துங்கபத்திரையும். அந்தப் பாறை பொடிந்து வந்த செம்மண்தான் கொடிக்கு வசதி. தண்ணீர் நிற்காது, ரொம்ப ஊட்டமும் கிடையாது. கொடி கொஞ்சம் பட்டினி கிடந்தால்தான் பழம் சிறுத்துத் தோல் தடிக்கும். மழை குறைந்த பகுதி. கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல்.

"அங்கேயும்தானே வெயில் கொளுத்துது?" என்று கேட்பீர்கள். கொளுத்துகிறது. தந்திரம் காலண்டரில் இருக்கிறது. ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். நம்ம தக்காணத்தில் அது தூங்குவதே இல்லை. அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். அறுவடை முடிந்து ஏப்ரல், மே வாக்கில் ஒரு கவாத்து, அது கிளை தேறுவதற்கு. தென்மேற்குப் பருவமழை ஓய்கிற செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து, அது காய்ப்பதற்கு. காய் பிடித்துப் பழுப்பது முழுக்கப் பனிக்காலத்தில். பகலில் 30 டிகிரி வெயில், இரவில் 15 டிகிரி அளவுக்கு இறங்கும் குளிர். கோடை உச்சத்துக்குப் போகும் முன்பே பழம் உள்ளே போய்விடும்.

இரவுக் குளிர் எதற்கு? கொடி சுவாசிக்கும்போது பழத்தில் உள்ள மாலிக் அமிலத்தை எரித்துத் தீர்க்கிறது. வெப்பம் கூடக் கூட எரிவதும் கூடும். இரவு குளிர்ந்தால் புளிப்பு மிச்சப்படும். அப்படியும் போதவில்லை என்றால், சூடான நாடுகளில் செய்வது போல டார்டாரிக் அமிலத்தை அளவாகச் சேர்ப்பார்கள். திராட்சையிலேயே இருக்கும் அமிலம்தான் அது. நம்ம புளியம்பழத்தின் புளிப்பும் அதே அமிலம்தான்!

நம்ம ஊரில் நட்டால்?

கும்மிடிப்பூண்டியில் இந்தக் கணக்கு எல்லாமே தலைகீழ். தக்காணத்தில் கொடி பூத்துக் காய் பிடிக்கும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. வருஷ மழையில் பாதியளவு அந்த மூன்று மாதத்தில் கொட்டும். ஈர இலையில் அடிச்சாம்பல் நோய் பரவும். பழவேற்காடு ஏரியும் கடலும் பக்கத்தில் இருப்பதால் இரவு புழுக்கம் குறையாது, ஜனவரியில்கூட பெரிதாகக் குளிராது. திருவள்ளூர் மாவட்டத்துக்கு நெல்லும் மாவும் வேர்க்கடலையும் பொருந்தும். கேபர்னே பொருந்தாது.

நட முடியாது, சரி. வாங்கி வைக்கவாவது முடியாதா? என் லாஃப்ட் கதைக்கு இங்கேதான் பதில் இருக்கிறது.

வெயில் என்ன செய்கிறது?

முதிரும் ஒயினுக்குப் பிடித்த வெப்பம் 12 முதல் 15 டிகிரி. அதைவிட முக்கியம், அது ஏறி இறங்காமல் இருப்பது. திருத்தணியின் பெயர் கோடையில் செய்தித்தாளின் வெயில் பட்டியலில் எத்தனை முறை வருகிறது என்று உங்களுக்கே தெரியும். கத்திரி வெயிலில், மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் லாஃப்ட் ஒரு அடுப்பு. நான் ஏழு கத்திரியை அந்தப் பாட்டிலுக்குக் காட்டியிருக்கிறேன்.

பத்து டிகிரி கூடினால் வேதிமாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. "அப்போ ஏழு வருஷத்தில் முப்பது வருஷ முதிர்ச்சி வந்திருக்கணுமே, லாபம்தானே?" என்று நானும் யோசித்தேன். அப்படி இல்லை. ஒயினுக்குள் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் நடக்கின்றன. வெப்பத்தில் எல்லாமே ஒரே அளவில் வேகம் எடுப்பதில்லை. கெடுக்கும் மாற்றங்கள் சில முந்திக்கொள்கின்றன. கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் மஞ்சளாகத்தான் இருக்கும். மரத்தில் விளைந்து வைக்கோலில் பழுத்ததன் ருசி அதில் இருக்காது.

இரண்டாவது, சூட்டில் ஒயின் விரியும். ஒரு பாட்டிலில் அது சில மில்லிதான். ஆனால் கார்க்குக்கும் ஒயினுக்கும் நடுவே இருக்கும் இடமே கொஞ்சம். அழுத்தம் கார்க்கை மேலே தள்ளும், ஓரமாகக் கசிய வைக்கும். இரவில் சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பகலுக்கு ஒரு மூச்சு, ராத்திரிக்கு ஒரு மூச்சு. முதிர்ச்சிக்குத் துளித்துளியாக ஆக்சிஜன் போதும். நான் கொடுத்தது வாளி வாளியாக. கார்க் ஓரத்தில் இருந்த அந்தக் காய்ந்த கறைக்கு அர்த்தம் இதுதான்.

மூன்றாவது, நான் பாட்டிலை நிற்க வைத்திருந்தேன். படுக்க வைத்தால்தான் கார்க் நனைந்து உப்பி இறுக்கமாக இருக்கும்.

வெயிலைத் தாண்டி வந்தவை

அப்போ பழைய காலத்தில் இந்தக் கரைக்கு ஒயின் எப்படி வந்தது? புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பக்கத்து ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. புறநானூற்றின் 56ஆம் பாடலும் யவனர் கொண்டுவந்த மதுவைப் பேசுகிறது. அரிக்கமேட்டு ஜாடிகளில் கிரேக்கத் தீவான காஸின் பாணியில் அமைந்தவையும் உண்டு. காஸ் ஒயினில் கெடாமல் இருக்கக் கடல்நீர் சேர்ப்பது வழக்கம். ஆக, அப்போதே கப்பலில் அனுப்பும் ஒயினுக்கு உப்புக் காவல் போட்டிருக்கிறார்கள்.

கம்பெனி காலத்தில் மெட்ராஸ் வெள்ளைக்காரர்கள் விரும்பிக் குடித்தது மதீரா. போர்ச்சுகலின் மதீரா தீவில் கப்பல்கள் ஏற்றிக்கொண்ட ஒயின், பூமத்திய ரேகையைத் தாண்டி, கப்பலின் அடித்தளச் சூட்டில் மாதக்கணக்கில் வெந்து வரும். பிராந்தி சேர்த்து வலுவேற்றியது, புளிப்பும் அதிகம். அதனால் கெடவில்லை, இன்னும் ருசியானது! பின்னாளில் தீவிலேயே வேண்டுமென்றே சூடேற்றி அதே ருசியைக் கொண்டுவந்தார்கள். வெயிலுக்கென்றே பிறந்த ஒயின் அது. கேபர்னே அந்த ஜாதி இல்லை.

பாதி தோட்டத்தில், பாதி கிடங்கில்

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குப் பட்டது ஒன்று. முதிரும் ஒயினில் பாதி தோட்டத்தில் செய்யப்படுகிறது, மீதிப் பாதி கிடங்கில். ஒரு சிறிய ஒயினரி குறைந்த விளைச்சல் எடுத்து, விலை உயர்ந்த ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்து, பணத்தை முடக்கிக் காத்திருக்கிறது. பிறகு அந்தப் பாட்டில் குளிர்வசதி இல்லாத லாரியில் ஒரு மே மாதம் பயணம் செய்தாலோ, தகரக் கூரைக் கிடங்கில் ஒரு வாரம் கிடந்தாலோ அந்த உழைப்பு எல்லாம் போச்சு. தொழிற்பேட்டையில் வேலை பார்த்த எனக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. ரசாயன டிரம்மின் மேல் "வெயிலில் வைக்காதே" என்று ஒட்டியிருந்தால் நாங்கள் மறுபேச்சு பேசாமல் நிழலுக்கு நகர்த்துவோம். வீட்டில் இருந்த பாட்டிலுக்கு அந்த மரியாதையை நான் கொடுக்கவில்லை.

யாராவது உங்களுக்கும் இப்படி ஒரு பாட்டில் கொடுத்து, "வச்சிருந்து திறங்க" என்று சொன்னால், நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒயினுக்கென்று குளிர்பெட்டி இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் தரைத்தளத்தில், சமையலறையிலிருந்து தள்ளி, இருட்டில், படுக்க வைத்து, கத்திரி வருவதற்குள் திறந்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் சில மாதம் வைக்கலாம், வருஷக்கணக்கில் வைத்தால் கார்க் காய்ந்துவிடும். குடிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், குடிக்கச் சொல்லவில்லை.

அந்த ஹைதராபாத் நண்பர் கிளம்பும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். "ஏழு வருஷம் தொடாம வச்சிருந்தீங்களே சார், அது போதும்" என்றார். பெரிய மனுஷன். ஆனாலும் அந்தப் பாட்டிலை மட்டும் ஒரு மார்கழியிலேயே அவரைக் கூப்பிட்டுத் திறந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.